தொண்ணூறு நாள் கூலி

பெரிய வெள்ளி, பின்னேரம் மூன்று மணி.
காலையில் ஜெர்மன்காரர் பாடிவிட்டுப் போன கோயிலை
ஹீட்டரை நிறுத்திவிட்டு எங்களுக்குத் திறந்து விடுவார்கள்.
கோட்டைக் கழற்றாமலே இருக்கிறோம்.
போதகர் சொல்கிறார்:
குற்றம் நம்முடையது, அடி அவருடையது,
கணக்குத் தீர்ந்தது.

இரண்டு வாங்கு முன்னால் செபநேசன் அண்ணை.
பிடரியெல்லாம் நரை.
வூப்பர்ட்டாலில் பதினொரு வருஷம் பஸ் ஓட்டியவர்.
இப்போது ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில்
விரிப்பு மடிக்கிறார்.

டிசம்பர் அது. மழை உறைந்த சரிவு.
கார் அண்ணையுடையது. மிதித்த கால் என்னுடையது.
மஞ்சள் கோட்டுப் போட்ட ஒருத்தி
கண்ணாடியில் ஒரு கணம் நின்று
இல்லாமல் போனாள்.
நான் நிறுத்தவில்லை.
இந்த ஒரு வரியை எழுத ஆறு வருஷம் பிடித்தது:
நான் நிறுத்தவில்லை.

விடியப்புறம் போலீஸ் பெல் அடித்தது.
என்னிடம் இருந்தது
மூன்று மாதத்துக்கொருமுறை முத்திரை கேட்கும் காகிதம்.
அவரிடம் பாஸ்போட்.
பனியனோடு கதவைத் திறந்தவர்
திரும்பி என்னை ஒருமுறை பார்த்தார்.
"நான்தான்" என்றார்.

தொண்ணூறு நாள் கூலி தண்டம். லைசென்ஸ் பறிபோனது.
தண்டத்தில் பாதியை நான் கொண்டுபோய்க் கட்டினேன்.
யாருடைய காசென்று காசாளர் கேட்கவில்லை.
கேட்க என்ன இருக்கிறது,
காசுக்கு முகமில்லை.

எங்கள் நீதிபதி ஏமாந்துபோனார், அதனால் அவரை மன்னிக்கலாம்.
ஆளை மாற்றி நிறுத்தியது தெரிந்தே
தீர்ப்பில் கையெழுத்துப் போட்டவரை
என்னவென்று கூப்பிடுவது?
போதகரிடம் கேட்டேன்.
தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.
"நீதிபதியே இறங்கிவந்து கூண்டில் நின்றால், தம்பி?"

பெரிய பதில்தான்.
அன்றிரவு முழுக்க அதற்குள் நடந்து பார்த்தேன்.
உயரமான கூரை, நல்ல வெளிச்சம்.
எந்த மூலையிலும்
அந்த மஞ்சள் கோட்டைக் காணவில்லை.

போன கிழமை போனேன்.
ஆற்றுக்கு மேலே தொங்குரயிலில் ஏழு தரிப்பு.
பெயர்ப்பலகையில் டோர்ன்சைஃபர்.
சங்கிலி அளவுக்குக் கதவு திறந்தது,
ஊன்றுகோலின் ரப்பர் முனை முதலில் தெரிந்தது.
விபத்து விஷயமாக வந்தேன் என்றேன்.
"அந்த மனிதர் அப்போதே வந்தாரே.
பூ கொண்டுவந்தார். இந்த இடத்தில் நின்று அழுதார்.
நான் மன்னித்துவிட்டேன்."

அண்ணை எனக்கு இதைச் சொன்னதேயில்லை.
என் மன்னிப்பைக் கையெழுத்திட்டு வாங்கி
ஆறு வருஷமாக வைத்திருக்கிறார்,
பக்கத்து வீட்டுப் பார்சல் மாதிரி.
பிரித்துப் பாவிக்கவும் முடியாது,
என்னிடம் தரவும் முடியாது.

"ஓட்டியது நான்."

கன நேரம் பேசவில்லை.
பிறகு, கோபமாகக்கூட இல்லை,
சலித்துப்போன குரலில்:
"அப்படியென்றால் நான் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.
எனக்கு எழுபத்தொன்பது வயது."
கதவு சாத்தியது.
உள்ளே சங்கிலி கொஞ்ச நேரம் ஆடியது.

அவள் போலீசுக்குச் சொல்லலாம். சொல்லாமலும் விடலாம்.
இப்போதாவது அது அவளுடைய கையில்.
அண்ணைக்கு இன்னும் தெரியாது.
இன்றிரவு சொல்ல வேண்டும்:
நீங்கள் எனக்காகப் பட்டதை
நான் திருப்பிக் கேட்க வந்திருக்கிறேன்.
அன்பில்லாமல் இல்லை.
அவருடைய அன்பு பொய்யென்றும் இல்லை.
அதன் கீழே படுத்து
என்னால் உறங்க முடியவில்லை, அவ்வளவுதான்.

எல்லோரும் எழும்புகிறார்கள், கடைசிப் பாட்டு.
அண்ணை திரும்பி, வழக்கம்போல,
விரலால் பாட்டு எண்ணைக் காட்டுகிறார்.
என் புத்தகம் அந்தப் பக்கத்தில்தான் திறந்திருக்கிறது.
தலையாட்டுகிறேன்.